நிறம் போன பிறகு

புதுப் பருத்திச் சேலையை முதல் தடவை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாக அலசச் சொல்வார்கள். வாளித் தண்ணீர் சிவந்துவிடும். அடுத்த அலசலில் இளஞ்சிவப்பு, அதற்கடுத்ததில் ஏறக்குறையத் தெளிவு. அந்த முதல் வாளியை எங்கள் வீட்டில் யாரும் செடிக்கு ஊற்றியதில்லை. ஏன் என்று கேட்டால் யாருக்கும் வேதியியல் தெரியாது. ஆனால் கை தானாகச் சாக்கடைப் பக்கம் போகும்.

கடைக்கு வந்து சேர்ந்த சேலைக்கே இவ்வளவு நிறம் கரைகிறது என்றால், அதன் நூலைச் சாயத்தில் முக்கி, நாலைந்து முறை அலசிக் காயப்போட்ட இடத்தில் எத்தனை வாளி போயிருக்கும்? சங்கரன்கோவில் போன்ற ஊரில் நின்று கேட்கும்போது இந்தக் கேள்விக்கு எடை கூடுகிறது. சங்கரநாராயணரையும் கோமதி அம்மனையும் தரிசித்து, புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, ரத வீதியைத் தாண்டி உள்தெருவுக்குள் நுழைந்தால் விசைத்தறிச் சத்தம் தொடங்கிவிடுகிறது. சேலையும் துண்டும் நெய்து பிழைக்கும் ஊர். ஆடித்தபசுக்குக் கூட்டம் கூடுவதைப் போலவே, சேலை வாங்க வருகிறவர்களும் உண்டு. நிறமில்லாமல் சேலை இல்லை. சாயத்தண்ணீர் இல்லாமல் நிறமும் இல்லை.

இந்த ஊரை ஒட்டிப் பெரிய ஆறு ஓடவில்லை. குளங்கள், கிணறுகள், ஆழ்துளைக் குழாய்கள், ஐப்பசி கார்த்திகையில் வரும் மழை, இவ்வளவுதான். ஆற்றங்கரை ஊரில் கழிவுநீர் ஓடிப்போய் வேறு யாருடைய துயரமாகவாவது ஆகிவிடும். ஆறில்லாத ஊரில் அது அங்கேயே நிலத்தில் இறங்கும். இறங்கிய தண்ணீரைத்தான் ஆழ்துளைக் குழாய் மேலே கொண்டுவரும். அதனால், தண்ணீரில் கரைந்த சாயத்தை உடைப்பது எப்படி என்ற கேள்வியைக் காவிரிக் கரையில் கேட்பதைவிட இங்கே கேட்பதுதான் நியாயம்.

முதலில் எதிராளியைத் தெரிந்துகொள்வோம். பருத்திக்கு இன்று பெரும்பாலும் பயன்படுவது 'ரியாக்டிவ்' சாயம். 1956-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் 'புரோசியான்' என்ற பெயரில் இந்த வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் இருந்த பல சாயங்கள் நூலின்மேல் ஒட்டிக்கொண்டிருந்தன, அல்லது இழைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டிருந்தன. ரியாக்டிவ் சாயம் பருத்தியின் செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பு போட்டு, இழையின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. வெயிலிலும் சலவையிலும் எளிதில் வெளுக்காத பளிச்சென்ற நிறம் அதனால்தான் கிடைக்கிறது.

விலையும் அங்கேயே தொடங்குகிறது. சாயத்தொட்டியில் பருத்தி மட்டுமா இருக்கிறது? தண்ணீரும் இருக்கிறது. சாயத்தின் பிணைக்கும் கை, நூலைப் பிடிப்பதைப் போலவே தண்ணீரையும் பிடித்துவிடும். தண்ணீரைப் பிடித்த சாயம் பிறகு நூலில் ஏறாது. சாயத்தின் வகையையும் நிறத்தின் அடர்த்தியையும் பொறுத்து, போட்டதில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைகூட இப்படி வீணாகி, அலசும் தண்ணீரோடு வெளியேறும். சாயத்தை நூலின் பக்கம் தள்ளுவதற்கு லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்பு போடுகிறார்கள். பிணைப்பு உறுதியாக ஏற, சோடா உப்பு போட்டுத் தண்ணீரைக் காரமாக்குகிறார்கள். ஆக வெளியே வருவது வெறும் சாயத்தண்ணீர் அன்று. அது சூடானது, காரமானது, உப்பானது, கார்பனேட் நிறைந்தது. இந்த நான்கையும் மறந்துவிட வேண்டாம். சாயத்தை உடைக்கும் கதையில் ஒவ்வொன்றும் ஒருமுறை குறுக்கே வரும்.

வெயிலுக்கும் சோப்புக்கும் தாங்க வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்த மூலக்கூறு, குளத்து நுண்ணுயிருக்கும் எளிதில் வசப்படாது. பெரும்பாலான சாயங்களின் நடுவே இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கைகோத்திருக்கும். இதை 'அசோ' பிணைப்பு என்பார்கள். இருபக்கமும் பென்சீன் வளையங்கள் தாங்க, எலக்ட்ரான்கள் அந்தப் பாலத்தின் வழியே மூலக்கூறு முழுதும் பரவுகின்றன. ஒளியின் ஒரு பகுதியை அவை விழுங்க, மிச்சம் நம் கண்ணுக்கு நிறமாகத் தெரிகிறது. பாலத்தை அறுத்தால் நிறம் போய்விடும்.

நிறம் போய்விட்டால் கேடும் போய்விட்டதா? இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்ததே இதைத்தான்: இல்லை. குளத்தின் அடிச்சேற்றில், காற்றுப் புகாத இருட்டில் வாழும் பாக்டீரியாக்கள் சில அசோ பிணைப்பை அறுக்கும். தண்ணீர் வெளுக்கும். ஆனால் துண்டான இரு பாதிகளும் அரோமாட்டிக் அமீன்கள். அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. அப்படிப்பட்ட அமீன்களைத் தரும் அசோ சாயங்களை 1994-இல் ஜெர்மனி தடைசெய்ததும், 1997-இல் இந்தியா தடைசெய்ததும் இந்தக் காரணத்தால்தான். சிவந்த தண்ணீரைக் கண்டால் மாடுகூடத் தயங்கக்கூடும். வெளுத்த தண்ணீர் யாரையும் எச்சரிக்காது.

இந்த இடத்தில் ஓசோன் நுழைகிறது. இடி மின்னலுக்குப் பிறகு சில நேரம் காற்றில் ஒரு கூர்மையான வாசனை வரும். பழைய நகல் எடுக்கும் இயந்திரத்தின் அருகிலும் அது உண்டு. 1839-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கிறிஸ்டியான் ஃப்ரீட்ரிக் ஷேன்பைன் தண்ணீரில் மின்சாரம் செலுத்தியபோது அதே வாசனையைக் கவனித்தார். 'மணப்பது' என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்த வாயுவுக்கு ஓசோன் என்று பெயரிட்டார். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனில் இரண்டு அணுக்கள், ஓசோனில் மூன்று. மூன்றாவது அணு எப்போதும் கிளம்பிப்போகத் துடித்துக்கொண்டிருக்கும். வழியில் அகப்பட்டதை ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டுத்தான் போகும். இந்த வலிமையை வோல்ட் கணக்கில் அளப்பதுண்டு. குளோரினுக்கு 1.36, ஓசோனுக்கு 2.07. பிரான்சின் நீஸ் நகரம் 1906-இலேயே குடிநீரை ஓசோனால் தூய்மைப்படுத்தத் தொடங்கியது. நம் பக்கத்தில் சென்னை கோயம்பேட்டில் 2019-இல் இயங்கத் தொடங்கிய, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்றதாக மாற்றும் நிலையத்திலும் சவ்வு வடிகட்டலுக்குப் பிறகு ஓசோன் உண்டு.

சாயத்தண்ணீரில் ஓசோனைக் குமிழிகளாக விட்டால் நடப்பதைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குழாயின் அடியில் நுண்துளைத் தட்டு. அதன் வழியே பொடிக் குமிழிகள் ஏறும். கருஞ்சிவப்பு சிவப்பாகும், பிறகு ஆரஞ்சு, பிறகு வெளிர்மஞ்சள். சில நிமிடங்களில் தண்ணீருக்கு அப்பால் நிற்பவரின் விரல்களை எண்ணிவிடலாம். பார்ப்பவர் மனம் நிறைந்துபோகும். எலக்ட்ரான் செறிந்த இரட்டைப் பிணைப்புகளையும், ஹைட்ராக்சில் அல்லது அமீன் தொகுதி தாங்கிய வளையங்களையும் ஓசோன் தேடிப்போய்த் தாக்கும். சாய மூலக்கூறில் நிறத்தைத் தருவதே அந்தப் பகுதிகள்தான் என்பதால் முதலில் விழுவது நிறம். அமீன்களும் இதே அடியில் உடைவது பெரிய ஆறுதல். சேற்றுப் பாக்டீரியாவைவிட ஓசோன் மேலானது என்பது இதனால்தான்.

ஆனால் அதே தண்ணீரை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய், அதில் இன்னும் எவ்வளவு கரிமப்பொருள் இருக்கிறது என்று அளந்தால் முகம் வாடிவிடும். சி.ஓ.டி. என்று சுத்திகரிப்பு நிலையங்களில் அன்றாடம் சொல்லும் அளவு அது: தண்ணீரில் உள்ள பொருள்களை முழுதாக ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்கு. நிறம் நூற்றுக்குத் தொண்ணூறு போன பிறகும் இந்த எண் கொஞ்சமே இறங்கியிருக்கும். சாயம் மறையவில்லை, துண்டாகியிருக்கிறது. பெரிய மூலக்கூறு உடைந்து ஆக்சாலிக், ஃபார்மிக், அசிட்டிக் என்று சிறு அமிலங்களாகி நிற்கிறது. குறிப்பாக ஆக்சாலிக் அமிலத்தை ஓசோன் ஏறக்குறையத் தொடுவதே இல்லை. அதில் பிடித்துக்கொள்ள எலக்ட்ரான் செறிந்த இரட்டைப் பிணைப்பும் இல்லை, வளையமும் இல்லை. எவ்வளவு நேரம் ஓசோன் விட்டாலும் மின்சாரக் கட்டணம் ஏறுமே தவிர, அந்தத் துண்டுகள் அப்படியே கிடக்கும்.

இவற்றை உடைக்க இன்னும் முரட்டு ஆள் வேண்டும். ஹைட்ராக்சில் தனியுறுப்பு என்று அதற்குப் பெயர். ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன், ஜோடியில்லாத ஓர் எலக்ட்ரான். வலிமை 2.8 வோல்ட். பிறந்த கணத்தில் எதிரே இருப்பதன்மேல் பாய்ந்துவிடும். ஆயுள் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆக்சாலிக் அமிலத்தை ஓசோன் தாக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது கோடிக்கணக்கான மடங்கு விரைந்தது. சூரிக் அருகே உள்ள இயாவாக் நீராய்வு நிறுவனத்தில் யூர்க் ஹாய்னேயும் அவரோடு பணியாற்றியவர்களும் 1970-களிலும் 80-களிலும் பொறுமையாக அளந்து தொகுத்த எண்களிலிருந்து இதைச் சொல்கிறோம். ஓசோனைப் பற்றி எழுதுகிற எவரும் அந்த அளவீடுகளுக்குக் கடன்பட்டவர்கள்.

ஓசோன் தண்ணீரில் தானாகச் சிதையும்போதும் ஹைட்ராக்சில் தனியுறுப்பு கொஞ்சம் பிறக்கிறது. சாதாரண நீரில் ஓசோனுக்கும் அதற்கும் உள்ள விகிதம் பத்துக் கோடிக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். அந்த ஒன்றைப் பத்தாகவோ நூறாகவோ ஆக்க முடியுமா? வினையூக்கி வந்து நிற்பது இந்த வாசலில்தான்.

வினையூக்கி என்றதும் உறைமோரை உதாரணம் சொல்வார்கள். அது பொருந்தாது. உறைமோரில் உயிர் இருக்கிறது, பெருகுகிறது, பாலைத் தின்கிறது. எனக்குச் சரியாகப் படுவது கிணற்றுக் கப்பி. வாளியில் ஏறும் தண்ணீருக்குக் கப்பி ஒரு சொட்டும் சேர்ப்பதில்லை. ஏற வேண்டிய உயரத்தையும் குறைப்பதில்லை. கயிறு கிணற்று விளிம்பில் உரசித் தேயாமல், இழுப்பவர் குனிந்து வளையாமல், அதே வேலைக்கு வேறொரு வழியைத் திறந்துவிடுகிறது. ஆயிரம் வாளி ஏறினாலும் கப்பி கப்பியாகவே இருக்கும். ஆனால் எண்ணெய் காணாத கப்பி கிறீச்சிடும், அச்சு தேயும், ஒருநாள் மாற்றவும் வேண்டிவரும். வினையூக்கிக்கும் அந்தக் கதி உண்டு, பின்னால் வருகிறேன்.

ஓசோனுக்கான கப்பிகள் பெரும்பாலும் எளிய பொருள்கள்தான். மாங்கனீஸ் டை ஆக்சைடு, இரும்பு ஆக்சைடுகள், அலுமினா, செரியம் ஆக்சைடு, ஆக்டிவேட்டட் கார்பன். தண்ணீரில் மூழ்கிய உலோக ஆக்சைடின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் புல் முளைத்தாற்போல நிற்கும். ஓசோன் மூலக்கூறு அதில் வந்து ஒட்டி, நெளிந்து, சிதைந்து, தனியுறுப்புகளைத் தரும் என்பது ஒரு விளக்கம். ஆக்சாலிக் அமிலம் மேற்பரப்பில் உலோகத்தோடு கட்டுண்டு, அந்தக் கட்டுண்ட நிலையில் ஓசோனுக்கே வசப்பட்டுவிடுகிறது என்பது இன்னொன்று. எந்தப் பொருளில், எந்தக் கார அமில நிலையில் எது நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே வழக்கு முடியவில்லை. அலுமினா ஒன்றைப் பற்றியே நேர்மாறான முடிவுகள் அச்சேறியிருக்கின்றன. ஒரே பெயரில் விற்கும் தூள் இரண்டு கடையில் இரண்டு விதமாக இருப்பதும், அதில் கலந்திருக்கும் அழுக்கு வேறுபடுவதும் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

இரும்பு ஆக்சைடைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சங்கரன்கோவில் வட்டாரத்து மண் நினைவுக்கு வரும். இங்கே கரிசலும் செவலும் மாறிமாறி வரும். செவல் சிவந்திருப்பது இரும்பு ஆக்சைடால். ஆய்வகங்களில் ஓசோனோடு சேர்த்துச் சோதிக்கப்படும் கோத்தைட், ஹேமடைட் என்ற கனிமங்கள் செம்மண்ணுக்கு நிறம் தரும் அதே குடும்பம்தான். செவலை அள்ளித் தொட்டியில் கொட்டினால் போதும் என்று இதற்குப் பொருளில்லை. களிமண் கலங்கித் தண்ணீரைச் சேறாக்கிவிடும். கனிமத்தைப் பிரித்து, மணிகளாக உருட்டிச் சுட்டு, குமிழிகளின் மோதலுக்குக் கரையாதபடி உறுதியாக்க வேண்டும். ஆனால் பிளாட்டினம், ருத்தேனியம் என்று விலை உயர்ந்த உலோகங்களைத் தேட வேண்டியதில்லை என்பது ஒரு சிற்றூருக்கு நல்ல சேதி.

கரியைப் பற்றியும் ஒரு சொல். சிரட்டைக் கரியிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் செய்வதில் தமிழ்நாடு கைதேர்ந்தது. சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் நெல் உமியிலிருந்து நுண்துளைக் கரி செய்து, கழிவுநீரின் கரிமப்பொருளை ஆக்சிஜனேற்றம் செய்ய நெடுங்காலம் உழைத்திருக்கிறார்கள். உமி நம்மிடம் மலைமலையாக இருக்கிறது. ஓசோனோடு கரியைச் சேர்த்தால் தனியுறுப்புகள் பிறப்பதும் உண்மை. ஒரு சிக்கல்: ஓசோன் கரியையே மெல்ல மெல்ல அரித்து, அதன் மேற்பரப்பை அமிலத்தன்மை உள்ளதாக மாற்றிவிடும். அப்போது ஊக்கும் திறன் குறையும். ஆகவே கரி கப்பியைவிடக் கயிற்றுக்குத்தான் நெருங்கிய உறவு.

இப்போது அந்த நான்கு குணங்களில் ஒன்று குறுக்கே வருகிறது: காரம். ஹைட்ராக்சில் தனியுறுப்பு வேண்டுமென்றால் தண்ணீரைக் காரமாக்கினாலே போதும் என்று பாடப்புத்தகம் சொல்லும். கார நீரில் ஓசோன் தானாகவே விரைந்து சிதையும். சாயக்கழிவுநீர் ஏற்கெனவே காரம்தானே? அப்படியானால் வினையூக்கி எதற்கு?

சோடா உப்புதான் பதில். சோடா உப்பு என்றால் சோடியம் கார்பனேட். கார்பனேட் அயனி ஹைட்ராக்சில் தனியுறுப்பைக் கண்டவுடன் பிடித்து விழுங்கிவிடும். பைகார்பனேட்டும் விழுங்கும், கொஞ்சம் நிதானமாக. இந்தப் பசிக்கு முன்னால் லிட்டருக்குச் சில மில்லிகிராம் ஆக்சாலிக் அமிலம் வரிசையில் நிற்கவே முடியாது. பிறக்கும் தனியுறுப்புகள் எல்லாம் சோடா உப்புக்கே இரையாகும். சரி, அமிலம் விட்டுக் காரத்தைக் குறைத்து, காற்றூதி, கார்பனேட்டைக் கரியமில வாயுவாக வெளியேற்றிவிடலாம். வெளியேற்றிவிட்டால் தண்ணீரில் காரம் இல்லை, ஓசோன் தானாகச் சிதையாது, தனியுறுப்பும் பிறக்காது. ஒரு பக்கம் பிறந்தவுடன் சாவு, மறுபக்கம் பிறப்பே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில்தான் வினையூக்கி வேலை செய்கிறது. காரம் இல்லாத நீரிலும் ஓசோனைச் சிதைத்துத் தனியுறுப்பைப் பிறப்பிக்கிறது. துணிச்சாயக் கழிவுக்கு வினையூக்கி வேண்டும் என்பதற்கு நான் அறிந்த மிக வலுவான காரணம் இதுதான். அதே நேரம், கார்பனேட்டை நீக்காமல் வினையூக்கியை மட்டும் கொட்டுபவருக்கு அது பயன் தராது.

ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடிகட்டிய தூய நீரில் ஒரே ஒரு சாயத்தைக் கரைத்து, அது பத்து நிமிடத்தில் வெளுத்தது என்று காட்டும் கட்டுரைகள் ஏராளம். அங்கே உப்பு இல்லை, சோடா இல்லை, கஞ்சி இல்லை, சோப்பு இல்லை. நிறம் போனதற்கே வினையூக்கியைப் பாராட்டுவதும் தவறு. நிறத்தைத் தனி ஓசோனே போக்கிவிடும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஓசோன் இல்லாமல் வினையூக்கியை மட்டும் போட்டுப் பார்த்தார்களா? சாயம் உடையாமல் தூளின்மேல் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதே தூளை எத்தனை முறை திரும்பப் பயன்படுத்தினார்கள்? ஐந்து முறை என்பது ஆய்வகத்துக்குப் பெருமை, பட்டறைக்கு அரைநாள். தூளிலிருந்து மாங்கனீஸோ செம்போ கோபால்ட்டோ தண்ணீரில் கசிந்ததா? சாயத்தை எடுத்துவிட்டு உலோகத்தைக் கொடுத்தால் கிணற்றுக்கு என்ன லாபம்? சீனாவில் பெட்ரோலிய ரசாயன ஆலைகளிலும் நிலக்கரி ரசாயன ஆலைகளிலும் இந்த முறை ஆய்வகத்தைத் தாண்டிப் பெருந்தொட்டிகளுக்குப் போய்விட்டது. அங்கே தூளை விட்டுவிட்டு, மணிகளாக நிரப்பிய படுகைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

செலவைக் கணக்குப் போடாமல் எந்தத் தொழில்நுட்பத்தையும் சிற்றூருக்குப் பரிந்துரைக்கக் கூடாது. நாளொன்றுக்கு 10,000 லிட்டர் கழிவுநீர் வெளியேற்றும் ஒரு சிறு பட்டறையை எண்ணிக்கொள்வோம். தொட்டியிலிருந்து வந்த கையோடு அதன் சி.ஓ.டி. லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் என்று வைப்போம். மொத்தம் 15 கிலோ. கிலோவுக்கு இரண்டு கிலோ ஓசோன் என்றால் 30 கிலோ வேண்டும். ஓசோனைப் புட்டியில் அடைத்து விற்க முடியாது, சிதைந்துவிடும். அங்கேயே ஆக்சிஜனில் உயர் மின்னழுத்தம் பாய்ச்சிச் செய்ய வேண்டும். ஆக்சிஜன் தயாரிப்பு, குளிர்விப்பு எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 15 யூனிட் மின்சாரம் என்று கொண்டால், நாளுக்கு 450 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 3,600 ரூபாய். எந்தச் சிறு பட்டறையும் இதைத் தாங்காது.

இப்போது அதே தண்ணீரை முதலில் காற்றூட்டிய தொட்டியில் நுண்ணுயிர்களிடம் விடுவோம். கஞ்சி, மாவு, எளிதில் செரிக்கும் பொருள்களை அவை தின்று முடிக்கட்டும். மிஞ்சியது 200 மில்லிகிராம் என்றால் மொத்தம் 2 கிலோ. அதற்கு ஓசோன் 4 கிலோ, மின்சாரம் 60 யூனிட், 480 ரூபாய். லிட்டருக்கு ஐந்து காசுக்குள். கணக்கில் நான் எடுத்துக்கொண்ட எண்கள் பட்டறைக்குப் பட்டறை மாறும். ஆனால் இரண்டு வழிகளுக்கும் உள்ள தூரம் மாறாது. நுண்ணுயிர் செய்யக்கூடிய வேலையை ஓசோனுக்குக் கொடுப்பது வீண். நுண்ணுயிரால் முடியாததை மட்டும் ஓசோன் உடைக்கட்டும். உடைந்த சிறு அமிலங்களில் பலவற்றை நுண்ணுயிர் மறுபடியும் தின்னும் என்பதால், கடைசியில் இன்னொரு நுண்ணுயிர்த் தொட்டி வைத்தால் வினையூக்கியின் பாரமும் இறங்கும்.

அடுத்த குறுக்கீடு சூடு. ஐரோப்பிய நூல்களில் காணும் எண்கள் பெரும்பாலும் 20 டிகிரி நீருக்கானவை. அங்கே நடுநிலை நீரில் ஓசோன் பாதியாகக் குறைய இருபது முப்பது நிமிடம் ஆகும். நீர் சூடானால் ஓசோன் குறைவாகக் கரையும், கரைந்ததும் விரைவில் சிதையும். சாயத்தொட்டியிலிருந்து 60, 80 டிகிரியில் இறங்கும் நீரை நேரே ஓசோனுக்கு விட்டால், பெரும்பகுதி குமிழியோடு மேலே போய்விடும். ஆற வைக்க ஒரு தொட்டி வேண்டும். வைகாசி வெயிலில் அந்தத் தொட்டிக்கு நிழலும் வேண்டும். இதைக் கருவி விற்பவர்களின் விளக்கத்தாளில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

மேலே போகும் வாயுவையும் விட்டுவிடக் கூடாது. நெடுநேரம் வேலை செய்யும் இடத்தில் காற்றில் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கு மேல் ஓசோன் இருக்கலாகாது. நுரையீரலை அது எரிக்கும். தறிக்கூடத்தின் பஞ்சுத்தூசியில் ஏற்கெனவே இருமிக்கொண்டிருக்கும் மனிதருக்கு இது இரட்டைத் தண்டனை. தொட்டியை மூடி, வெளியேறும் வாயுவை ஓசோனைச் சிதைக்கும் அறை வழியே விட வேண்டும். அந்த அறைக்குள் நிரப்புவதும் பெரும்பாலும் மாங்கனீஸ் டை ஆக்சைடுதான். தண்ணீருக்குள் ஓசோனைத் தனியுறுப்பாக்கும் அதே கறுப்புத் தூள், காற்றில் அதை வெறும் ஆக்சிஜனாக்கி அனுப்புகிறது.

கடைசியாக உப்பு. ஓசோனோ வினையூக்கியோ உப்பை ஒன்றும் செய்யாது. சோடியத்தையும் குளோரைடையும் எரிக்க முடியாது. இந்தப் பாடத்தைத் திருப்பூர் நமக்கெல்லாம் சேர்த்துப் படித்திருக்கிறது. நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காக 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. அந்தத் தண்ணீர் வயலுக்கு வேண்டாம் என்று உழவர்களே நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனை வந்தது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உருமாறின. நுண்ணுயிர்த் தொட்டி, நிறநீக்கம், சவ்வு வடிகட்டல், கடைசியில் மிஞ்சும் அடர் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் கலன். நிறநீக்கத்துக்கு ஓசோன், குளோரின், ரெசின் என்று நிலையத்துக்கு நிலையம் வழி வேறு. நொய்யலில் ஓடியது நிறம் மட்டுமாக இருந்திருந்தால் கதை வேறாக முடிந்திருக்கும். நிலத்தைக் கெடுத்ததில் பெரும்பங்கு உப்புக்குத்தான்.

உப்பு இன்னொரு விதத்திலும் தொல்லை தரும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 65 மில்லிகிராம் புரோமைடு உண்டு. உப்பளத்தில் உப்பு விளையும்போது அதில் பெரும்பகுதி கசப்புநீரில் தங்கிவிடும். கொஞ்சம் உப்போடு ஒட்டிவரும். தூத்துக்குடி உப்பு சாயத்தொட்டிக்கு வரும்போது அந்தக் கொஞ்சமும் வருகிறது. ஓசோன் புரோமைடைப் புரோமேட்டாக மாற்றும். குடிநீரில் புரோமேட் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே ஓசோனிட்ட சாயநீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், குளத்துக்கோ கிணற்றுக்கோ விடத் தக்கதன்று. சாதா உப்புக்குப் பதில் கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) போடும் பட்டறைகளில் இந்தச் சிக்கல் குறைவு. குளோரைடும் தனியுறுப்பை இழுத்து, குளோரின் ஏறிய புதுக் கரிமப்பொருள்களை உண்டாக்கக்கூடும். கிளாபர் உப்பின் சல்பேட் அந்த வம்புக்குப் போவதில்லை.

அப்படியானால் அந்த உப்புநீர் எங்கே போக வேண்டும்? திருப்பூரின் அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு வழி செய்து காட்டப்பட்டது. சவ்வு ஒதுக்கித் தள்ளும் உப்புநீரை முழுதும் காய்ச்சி வற்றவைக்காமல், துப்புரவாக்கி, மறுபடி சாயமேற்றுவதற்கே கொடுத்தார்கள். சாயத்துக்கு எப்படியும் உப்பு வேண்டும். வெளியே தள்ளினால் நஞ்சு, தொட்டிக்குள் திரும்பினால் மூலப்பொருள். விறகும் மின்சாரமும் மிச்சம். ஒரே நிபந்தனை, அந்த உப்புநீரில் பழைய சாயத்தின் துண்டுகள் மிஞ்சியிருக்கக் கூடாது. மிஞ்சியிருந்தால் அடுத்த சிட்டா நூலில் நிறம் மங்கும், திட்டுத்திட்டாக ஏறும், நெசவாளி வாங்கமாட்டார். இளமஞ்சள் வேண்டிய இடத்தில் அழுக்கு மஞ்சள் வந்தால் அன்றைய கூலி போயிற்று.

ஆக்சாலிக் அமிலம் வரை உடைத்துத் தீர்க்கும் வினையூக்கிப் படுகையை வைப்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல இடம் அதுதான். மொத்தக் கழிவுநீருக்கு வேண்டாம், அடர்ந்து சுருங்கிய உப்புநீருக்கு மட்டும். அளவு சிறிது, படுகை சிறிது, ஓசோனும் சிறிது. கார்பனேட்டை அமிலமிட்டு நீக்கியிருக்க வேண்டும், நீர் ஆறியிருக்க வேண்டும், வாயு மூடிய தொட்டிக்குள் நிற்க வேண்டும். தெளிந்து வரும் உப்புநீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து, வெளுத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பதோடு நிறுத்தாமல், சி.ஓ.டி.யையும் அளக்க வேண்டும். பிறகு வெள்ளை நூல் ஒரு கழியை அதில் முக்கி, வெளிர்நிறச் சாயம் ஏற்றி, நல்ல தண்ணீரில் சாயமேற்றிய இன்னொரு கழியின் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சாயக்காரரின் கண் சொல்லிவிடும்.